பெருக்கல் குறியை மறைத்தவர் யார்?

அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அண்ணி முதலில் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். எந்த வழக்காக இருந்தாலும் அவள் பேனா முதலில் தொடுவது நாற்காலிகளைத்தான்.

நீள மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, முதலாளி. மருந்துக்கும் சோப்புக்கும் லேபிள் வடிவமைத்து அச்சடித்துத் தரும் அந்த நிறுவனத்தை முப்பது வருடமாக நடத்துகிறவர். அவருக்கு வலது பக்கம் மருமகன், அவருடைய அக்கா பிள்ளை. ஆறு மாதமாக நிர்வாகம் அவன் பொறுப்பு. இடது பக்கம் அச்சு மேஸ்திரி, மை படிந்த விரல்களை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு. மேசையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, கதவோரம், கம்ப்யூட்டரில் லேபிள் வடிவமைக்கும் லேயர் அக்கா. அவளுக்கு எதிரே அண்ணி. அண்ணிக்குப் பக்கத்தில், நாற்காலி கிடைக்காமல் காகிதக் கட்டின் மேல், அவளுடைய கொழுந்தன்.

காலி நாற்காலி ஒன்று இருக்கத்தான் செய்தது. மூலையில், பெரிய கம்ப்யூட்டருக்கு முன்னால். இருபத்திரண்டு வருடம் லேயர் அக்கா உட்கார்ந்து குழி விழுந்த நாற்காலி. மூன்று நாளாக அவள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. அதை இழுத்துப் போட்டு உட்கார வேறு யாருக்கும் மனம் வரவில்லை.

அண்ணிக்குத் துப்பறியும் தொழிலில் இது பதினெட்டாவது வருடம். கணவனின் தம்பி எடுபிடியாகச் சேர்ந்த நாளிலிருந்து வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் கட்சிக்காரர்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், பிறகு காவல் நிலையத்தில், கடைசியில் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரு திருடன்கூட, "விட்டுடுங்க அண்ணி" என்றான். அன்றைக்கு அவளுக்கு முழங்கால் வலி. முந்தின இரண்டு இரவும் வேறொரு வழக்குக்காகக் கண் விழித்திருந்தாள். வெறும் சாட்சிக் கையெழுத்து, அரை மணி நேர வேலை என்று சொன்னதால்தான் வந்தாள்.

மேசை நடுவில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று கிடந்தது. மருந்து கம்பெனிக்கு எழுதியது. லேபிளில் நேர்ந்த தவறுக்குத் தன் கவனக்குறைவே காரணம், வேலையிலிருந்து தானே விலகிக்கொள்கிறேன் என்று லேயர் அக்கா சொல்வது போன்ற வாசகம். கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு, வெளியாள் சாட்சிக்கு ஒரு கோடு. கூரியர்காரர் ஐந்து மணிக்கு வருவார். இப்போது மூன்றரை.

விஷயம் இதுதான். பெரியவர்கள் குடிக்கும் இருமல் மருந்துக்கு நாற்பதாயிரம் லேபிள். புதன்கிழமை காலையில் அச்சாகி, மத்தியானமே கம்பெனிக்குப் போய், புட்டியிலும் ஒட்டியாகிவிட்டது. "பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது" என்ற வரியை மட்டும் காணோம். கிடங்கில் பெட்டி கட்டும் ஒரு பெண்மணி தற்செயலாகக் கவனித்து நிறுத்தியதால் ஒரு புட்டிகூடக் கடைக்குப் போகவில்லை. போயிருந்தால் என்ற யோசனையே முதலாளிக்கு மூன்று நாளில் மூன்று வயது கூட்டியிருந்தது. பொறுப்பாளி யார் என்று எழுத்தில், வெளியாள் சாட்சியோடு, இன்றைக்கே வர வேண்டும் என்று மருந்து கம்பெனி சொல்லிவிட்டது.

"இதுல துப்பறிய ஒண்ணுமில்லைங்க," என்றான் மருமகன். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்."

அவன் விளக்கினான். படம் திருத்தும் மென்பொருளில் லேபிள் என்பது ஒரே தாள் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு லேயர். புட்டி ஒரு லேயர், மூடி ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர். சிலவற்றைச் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கட்டியும் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். கண்ணைத் தட்டி மூடினால் அந்த லேயர் மறையும், அழியாது, மறையும். லேயர் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடியாத லேபிளின் உச்சியில், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, சிவப்பில் பெரிய பெருக்கல் குறி ஒன்றைத் தனி லேயராகப் போட்டுவைப்பாள். குறி இருக்கும் வரை யாரும் அச்சுக்கு எடுக்கக் கூடாது. குறி போய்விட்டால், அவள் பார்த்துச் சரி சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். அந்த நிறுவனத்தில் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது.

"புதன்கிழமை ஏழரைக்கு நான் திறந்தப்ப குறி இல்லை," என்றார் மேஸ்திரி, யார் முகத்தையும் பார்க்காமல். "மெஷின்ல ஏத்திட்டேன். எனக்குக் குறிதான் கணக்கு. எழுத்தையெல்லாம் நான் படிக்கறதில்லை."

"குறியை எடுக்கறது அவங்க மட்டும்தான்," என்று முடித்தான் மருமகன். "அப்ப வரியைப் பார்க்காம விட்டதும் அவங்கதான்."

அண்ணி லேயர் அக்காவைப் பார்த்தாள். ஐம்பதைத் தொட்ட முகம். மூக்குக் கண்ணாடி பதிந்த இரண்டு தடமும் சிவந்திருந்தன. செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கே கண் டாக்டரைப் பார்க்கப் போய்விட்டதாகவும், எச்சரிக்கை வரியின் எழுத்து அளவைக் காலையில் வந்து ஒருமுறை சரிபார்க்கலாம் என்று குறியை விட்டுவிட்டுத்தான் போனதாகவும், திங்கட்கிழமை எடுத்துவைத்த நகலில் குறியும் வரியும் இருப்பதாகவும் அவள் சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலே தொடர்ந்தாள்.

"அப்படித்தான் ஞாபகம். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். மென்பொருளை மாத்தின இந்த ஆறு வாரமா என் கை என் பேச்சைக் கேக்கறதில்லைங்க. ஒரு இடத்துல இருந்தது இன்னொரு இடத்துல இருக்கு. நான் ஒண்ணு தட்டினா அது ஒண்ணு செய்யுது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் கண்ணுக்குள்ள லேயர்தான் ஓடுது. நானே மறைச்சிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. கொடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் கையை நீட்டினாள். முதலாளி பேனா மூடியைக் கழற்றினார்.

பதினெட்டு வருடத்தில் அண்ணி எத்தனையோ ஒப்புதல் வாக்குமூலம் கேட்டிருக்கிறாள். பயந்து ஒத்துக்கொண்டவர்கள் உண்டு, திமிரோடு ஒத்துக்கொண்டவர்கள் உண்டு. அலுத்துப்போய் ஒத்துக்கொள்கிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறாள். அந்த அலுப்பு அவளுக்குத் தெரிந்ததுதான். முழங்காலிலிருந்து மண்டை வரை அன்றைக்கு அவளிடமும் இருந்தது. இந்தக் கையெழுத்து விழுந்தால், இந்தத் தொழிலில் வேறு யாரும் இந்த அம்மாளைக் கம்ப்யூட்டர் பக்கம் விட மாட்டார்கள். மருந்து லேபிளில் தப்பு விட்டவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் எல்லாக் கதவையும் சாத்திவிடும்.

"அஞ்சு மணிக்குத்தானே வண்டி," என்றாள் அண்ணி. "இந்தம்மா வேணும்னே செஞ்சாங்களா, அசதியில செஞ்சாங்களா? அது தெரியாம நான் சாட்சி போட முடியாது."

மருமகன் அதற்கும் ஆயத்தமாக இருந்தான். கோப்பிலிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். அந்த மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு, மூன்று வாரம் முன்பு லேயர் அக்கா எழுதிய புகாரின் நகல். பதில் வரவில்லை. "பதினேழு குறை எழுதியிருக்காங்க. மாற்றத்தை ஏத்துக்கவே முடியலை அவங்களால. படிச்சாலே தெரியும், எவ்வளவு வெறுப்புன்னு." நகலின் தலைப்பில், பச்சை மையில், "பார்த்தேன்" என்று எழுதி முதலாளி சுருக்கொப்பம் போட்டிருந்தார்.

அண்ணி அதை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனாள். கொழுந்தன் இரண்டு டம்ளர் தேநீரோடு பின்னாலேயே வந்தான்.

"பதினேழா?" என்றான், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "என் பெண்டாட்டி என் மேல வெச்சிருக்கற பட்டியலே பன்னிரண்டோட நிக்குது."

"அவ இன்னும் எழுதி முடிக்கலை. சும்மா இரு."

"பாஸ்வேர்டு பத்தி விசாரிச்சேன் அண்ணி. ரொம்ப ரகசியமா வெச்சிருக்காங்க. மானிட்டர் மேலயே ஒட்டி. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யார் எப்ப திறந்தாங்கன்னு அந்தப் பெட்டிக்கே தெரியாது."

அண்ணி படித்தாள். வெறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்பு எப்படி, இப்போது எப்படி என்று இரண்டிரண்டு வாக்கியம். கோபப்படுகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காக ஓரம் விட்டு எழுத மாட்டார்கள். நான்காவது குறையில் கொஞ்சம் நின்றாள். முன்பு வேலையை மூடும்போது சேமிக்கவா என்று கேட்கும், இப்போது கேட்காமலே சேமித்துக்கொள்கிறது, எனவே தெரியாமல் செய்த பிழையும் நிலைத்துவிடுகிறது. பதினொன்றுக்கு வந்தபோது தேநீரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாள். அடுத்ததையும் சேர்த்து இரண்டு முறை படித்தாள்.

"பதினொன்று. முன்பு ஒரு லேயரை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமானால், ஆல்ட் விசையை அழுத்தியபடி அதன் கண்ணைத் தட்டுவோம்; மற்றவை எல்லாம் மறையும். மறுபடி தட்டினால் எல்லாம் பழையபடி திரும்பும். இப்போது மறுபடி தட்டினால், அந்த லேயர் இருக்கும் தொகுப்பில் உள்ளவை மட்டுமே திரும்புகின்றன. தொகுப்புக்கு வெளியே இருப்பவை மூடியே கிடக்கின்றன. எச்சரிக்கை எதுவும் வருவதில்லை.

பன்னிரண்டு. எனவே கண்ணை நம்ப வழியில்லை. வேலை முடிந்ததும் என் பெருக்கல் குறியின் கண்ணை மூடிவைப்பது இருபத்திரண்டு வருட வழக்கம். அதை விட்டுவிட்டு, இப்போது குறி லேயரையே அழித்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய வேண்டியிருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

"புதுசாக் கத்துக்க மாட்டேங்கறாங்கன்னு அந்தப் பையன் சொன்னான்," என்றாள் அண்ணி. "இந்தக் கட்டடத்துல புதுசை ஒழுங்காப் படிச்சவங்க இந்தம்மா ஒருத்தர்தான். திட்டணும்னாலும் தெரிஞ்சுக்கணும் இல்லையா."

"அப்ப மத்தவங்க?"

"பாராட்டினாங்க. அதுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை."

உள்ளே திரும்பி வந்ததும், அச்சுக்குப் போன அதே கோப்பைத் திறக்கச் சொன்னாள். மருமகன் சலிப்போடு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றபடியே திறந்தான். திரையில் புட்டி பளபளத்தது. எச்சரிக்கை வரி இல்லை. பெருக்கல் குறி இல்லை.

"லேயர் பட்டியலைக் காட்டுப்பா. உச்சியில என்ன இருக்கு?"

உச்சியில், மூடிய கண்ணோடு, பெருக்கல் குறி இருந்தது. அதற்குக் கீழே, அதுவும் மூடிய கண்ணோடு, எச்சரிக்கை வரி. இரண்டும் தொகுப்புக்கு வெளியே. புட்டி, மூடி, பெயர் எல்லாம் தொகுப்புக்குள்ளே, கண் திறந்து.

கதவோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. லேயர் அக்கா எழுந்து நின்றிருந்தாள். மூன்று நாளாக இந்தக் கோப்பை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. குறி இல்லை என்று வாயால் சொன்னதோடு சரி.

"இது நான் முடிச்ச வேலை இல்லை," என்றாள். அவ்வளவு நேரம் அந்தக் குரலில் இல்லாத ஏதோ ஒன்று இப்போது இருந்தது. "நான் முடிச்சிருந்தா குறி லேயரே இருக்காது."

ஆறு வாரத்தில் அவள் முடித்த மற்ற வேலைகளைத் திறந்து பார்க்கலாமே என்றாள் அண்ணி. பதினோரு லேபிள். மருமகன் ஒவ்வொன்றாகத் திறந்தான். கொழுந்தன் விரல் விட்டு எண்ணினான். பதினொன்றிலும் உச்சியில் குறி இல்லை. மூடிய கண்ணோடும் இல்லை. அதற்கு முந்தைய காலத்துக் கோப்புகளில் எல்லாம் மூடிய கண்ணோடு இருந்தது. கத்தியால் வெட்டினது போல், மென்பொருள் மாறின தேதியில் வழக்கமும் மாறியிருந்தது.

மருமகனும் லேசுப்பட்டவன் இல்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே இந்த ஒன்றில் மட்டும் பழைய முறையில் செய்திருக்கலாம் இல்லையா என்று கேட்டான்.

"அப்படி ஒரு ஏற்பாடு செஞ்சவங்க, முதல் நாளே கோப்பைத் திறந்து பாருங்கன்னு கத்தியிருப்பாங்க," என்றாள் அண்ணி. "இவங்க கையெழுத்துப் போடப் பேனா கேட்டாங்க."

மணி நான்கு அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. இந்தம்மா இல்லை என்பது சரி. அப்போது யார் என்று முதலாளி கேட்டார். பெயர் இல்லாமல் கடிதம் போகாது. போகாவிட்டால் மருந்து கம்பெனி இவர்களை விட்டுவிடும். அவர் குரலில் அதட்டல் இல்லை, களைப்புதான் இருந்தது.

அண்ணி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரே தட்டலில் இரண்டும் சேர்ந்து மறைந்திருக்கின்றன. யாரோ ஒருவர் எதையோ தனியாகப் பார்க்க ஆசைப்பட்டு, பழைய பழக்கத்தில் இரண்டு முறை தட்டியிருக்கிறார். எல்லாம் திரும்பிவிட்டது என்று நினைத்து மூடியிருக்கிறார். கேட்காமலே சேமித்துக்கொண்டது. எதைப் பார்க்க ஆசைப்பட்டார்?

"அண்ணி," என்று கொழுந்தன் மெல்லக் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் மேசையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்த குறிப்புத் தாளை அவன் படித்துக்கொண்டிருந்தான். "இங்க யாரோ கவிதை எழுதியிருக்காங்க. 'மூடி, வரி போட்டது. சொல்லியாச்சு.' அடியில செவ்வாய்னு தேதி வேற."

லேயர் அக்கா அது தன் எழுத்து இல்லை என்றாள். அவள் பென்சிலில்தான் எழுதுவாள். அண்ணி தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டான். பதினெட்டு வருடத்தில் அது மூன்றாவது முறை.

"எல்லாருக்கும் ஒரு சின்ன வேலை," என்றாள் அண்ணி. "திங்கட்கிழமை எடுத்துவெச்ச நகல் இருக்குன்னாங்களே, குறியும் வரியும் ரெண்டும் இருக்கற நகல். அதைத் திறந்து, புட்டி மூடியில வரி வரியாக் கோடு இருக்கா, வழுவழுன்னு இருக்கா, பார்த்துச் சொல்லணும். குறி குறுக்கே மறைக்கும். எப்படிப் பார்ப்பீங்களோ அப்படிப் பாருங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு புது நகல்."

மேஸ்திரி முதலில் வந்தார். கண்ணையெல்லாம் தொடவில்லை. படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், சிவப்புப் பட்டைக்கு இந்தப் பக்கம் தலையைச் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். கோடு இருக்கு என்றார். படத்தைச் சுருக்கினால் குறி அங்கேயே இருந்தது.

அடுத்து மருமகன். மூடி லேயரின் மேல் வலது பொத்தானை அழுத்தி, புதிதாக வந்திருக்கும் பட்டியலைத் திறந்து, தனித்துக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்தான். பார்த்து முடித்ததும் அதே பட்டியலில் திரும்பக் கொண்டுவா என்பதைத் தேர்ந்தெடுத்தான். குறி திரும்பியது, வரி திரும்பியது. இவ்வளவுதானே, இதில் என்ன கஷ்டம் என்பது போல் லேயர் அக்காவைப் பார்த்தான். பழைய முறை அவனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் அவன் கை வைத்ததே புதியது வந்த பிறகுதான்.

"மாமா வேண்டியதில்லை," என்றான். "அவர் இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டே மாசக்கணக்காச்சு."

"ஏன், நானும் பார்க்கறேன்," என்றார் முதலாளி. பேச்சில் சின்னதாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "இந்தம்மாவுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே."

அவர் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் பத்து வயது குறைந்ததுபோல் முதுகு நிமிர்ந்தது. இடது கை விசைப்பலகையைப் பார்க்காமலே போய் ஆல்ட் விசையில் இறங்கியது. வலது கை மூடி லேயரின் கண்ணைத் தட்டியது. மூடி மட்டும் திரையில் நின்றது. "கோடு இருக்கு," என்றார். விரல் மறுபடி தட்டியது. புட்டி வந்தது, பெயர் வந்தது. கோப்பை மூடிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எல்லாம் சேர்ந்து பத்து வினாடிகூட இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அதையே இன்னொரு தடவை திறங்க," என்றாள் அண்ணி.

திறந்தார். முழு லேபிளும் தெரிந்தது. பெருக்கல் குறி இல்லை. எச்சரிக்கை வரி இல்லை.

கீழ்த்தளத்தில் வெட்டும் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் தரையில் அதிர்ந்தது. முதலாளி திரையைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பது போல் பார்த்தார்.

அண்ணி நோட்டிலிருந்து குறிப்புத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பச்சை மை.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யாராவது போன் பண்ணினாங்களா?"

அவர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். மருந்து கம்பெனியிலிருந்துதான் கேட்டார்கள், லேபிளில் இருப்பது பழைய மூடியா, புது மூடியா என்று. லேயர் அக்கா டாக்டரிடம் போயிருந்தாள். இங்கே வந்து அரை நிமிடம் பார்த்துச் சொன்னார். அதை ஒரு வேலை என்றே அவர் நினைக்கவில்லை; யாராவது கேட்டிருந்தால்கூட, கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருப்பார். இத்தனைக்கும் பதினோராவது குறை எழுதிய தாளின் தலைப்பில் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

"படிக்கலை," என்றார். "தட்டுல இருந்தது. போட்டேன்."

மருமகன், மாமா பெயர் கடிதத்தில் போகக் கூடாது என்று ஆரம்பித்தான். மென்பொருள் கோளாறு என்று பொதுவாக எழுதிவிடலாம், உண்மையும் அதுதானே, யாருக்கும் சேதம் இல்லாமல் போகும் என்றான். முதலாளி அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. தட்டச்சுக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, தன் கையாலேயே எழுத ஆரம்பித்தார். அடித்தார், எழுதினார். எழுதி முடித்ததைச் சத்தமாகப் படித்தார். மென்பொருளில் செய்யப்பட்ட எதிர்பாராத மாற்றத்தின் காரணமாக என்று தொடங்கியது.

"அப்படிப் போடாதீங்க," என்றாள் லேயர் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆறு வாரமா அதைத் திட்டினவ நான். இன்னும் திட்டுவேன். காலையில எழுந்ததும் முதல்ல அதைத்தான் திட்டறேன். ஆனா இது அது பண்ணினது இல்லை. எதிர்பாராததும் இல்லை. நான் எழுதிக் கொடுத்திருந்தேன்."

குரல் உயரவில்லை. சொல்லிவிட்டு, அத்தனை நேரம் நின்ற கால் வலித்ததோ என்னவோ, கதவோர நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தார். இந்த முறை அடித்தல் இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை லேபிள் கோப்பைத் திறந்தது நான். என் ஊழியர் இந்த ஆபத்தை மூன்று வாரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்திருந்தார். நான் அதைப் படிக்காமலே பார்த்தேன் என்று கையெழுத்திட்டேன். லேபிள்கள் முழுவதையும் எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம். இனி மருந்து லேபிள் எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது. அவ்வளவுதான் கடிதம். மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மருமகன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"நாளைக்கு வந்து உங்க இடத்துல உட்காருங்கம்மா," என்றார் முதலாளி.

"திங்கட்கிழமை வரேன்," என்றாள் லேயர் அக்கா. "ரெண்டு நாள் தூங்கணும்."

அண்ணி கடிதத்தின் அடியில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். போட்ட பிறகு முழுக்க ஒருமுறை படித்தாள். அசதியாக இருந்தாலும் படித்தாள்.

"நம்ம ஆபீஸ்ல இனிமே நான் நீட்டறதையெல்லாம் நீங்க படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கொழுந்தன் காதோடு கேட்டான். "நான் போன மாசம் கேட்டிருந்த லீவையும் சேர்த்து?"

"அதைப் படிச்சதாலதான் போடலை," என்றாள் அண்ணி.

கூரியர்காரர் ஐந்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றாமல், கதவில் சாய்ந்து நின்றார். முதலாளி கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசை தடவி, விளிம்பை ஓரத்திலிருந்து ஓரம் வரை கட்டைவிரலால் இழுத்து ஒட்டினார். மருமகன் பழக்க தோஷத்தில் நிறுவனத்தின் ரப்பர் முத்திரையை எடுத்து நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"அனுப்புநர் பேர் என்ன போடட்டும்?" என்று கேட்டார் கூரியர்காரர், ரசீதுப் புத்தகத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு.

முதலாளி தன் பெயரைச் சொன்னார். அவர் எழுதுவதற்குத் தோதாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கூரியர்காரர் ரசீதைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, உறையைப் பையில் போட்டுப் படியிறங்கினார்.